பகலில் வீட்டில் இருப்பது யார்? – தார் ஷீட் கூரை பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

செல்லூரில் நான் குடியிருக்கும் வீட்டின் மொட்டைமாடியில் ஒரு ஷீட் ரூம் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு. மூன்று பக்கம் ஹாலோ பிளாக் சுவர். நாலாவது பக்கமும் கூரையும் தார் ஷீட். அதில் ஒரு அக்கா, அவருடைய மாமியார், ஆறாவது படிக்கும் பையன். அக்காவின் வீட்டுக்காரர் லோடுமேன். விடியற்காலை போனால் இரவு ஒன்பது மணிக்குத்தான் வருவார். அக்கா வீட்டிலேயே ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக் கொடுக்கிறார்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்குப் போனேன். மதியம் இரண்டரை இருக்கும். மூன்று பேரும் தொட்டியின் நிழலில், சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். துணிமூட்டையும் அங்கேயே.

"என்னக்கா, எல்லாரும் வெளிய உக்காந்திருக்கீங்க?"

"உள்ள போய் நின்னு பாருங்க தம்பி, தெரியும்."

போய் நின்றேன். கூரை தலைக்கு இரண்டடி மேலேதான். முகத்துக்கு நேராக அடுப்பைப் பிடித்த மாதிரி இருந்தது. காற்று சூடாக இருந்ததைவிட, கூரையே உச்சந்தலையில் இறங்கி அடித்தது. தார் வாசனை வேறு. இரண்டு நிமிடம் தாங்கவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

அந்த மாதமே வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. "அது பழைய தார் ஷீட் மாதிரி இல்ல சார், இம்ப்ரூவ்டு. கடையில கேட்டுத்தான் வாங்குனேன். ஒரு சொட்டு ஒழுகல பாருங்க" என்றார். ஒழுகவில்லைதான். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அந்த 'இம்ப்ரூவ்டு' என்ற சொல்தான் அதிலிருந்து என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. எஸ்டிமேட் போடுவது என் பிழைப்பு. நானே எத்தனையோ முறை அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன். எதிலிருந்து எதற்கு மேம்பட்டது, யாருக்கு மேம்பட்டது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இந்தக் குறிப்பு அந்தக் கேள்விக்காக.

ஒரு சொல், இரண்டு பொருள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தமிழில் 'தார்' என்று நாம் சொல்வது இரண்டு வெவ்வேறு சரக்கு. ஒன்று நிலக்கரியைச் சுட்டுக் கோக் எடுக்கும்போது கிடைக்கும் நிலக்கரித் தார். மற்றது கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் அடியில் தங்கும் பிட்டுமன். இன்று சாலைக்கும் கூரைக்கும் வருவது பெரும்பாலும் இரண்டாவதுதான். நிலக்கரித் தார் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம். பிட்டுமன் அந்த அளவுக்கு இல்லை என்றாலும், அதிலும் ஒரு வேறுபாடு உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

பிட்டுமனைக் கட்டடத்துக்குப் பயன்படுத்துவது புதிதில்லை. மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தில் தண்ணீர் கசியாமலிருக்கப் பூசியது இதே இனம்தான். ஆக, மனிதன் இந்தப் பொருளிடம் கேட்ட முதல் கேள்வி தண்ணீரைப் பற்றியது. நாலாயிரம் வருடம் கழித்தும் நாம் அதே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது என் புகார்.

கூரைக்கு வரும்போது பிட்டுமனை அப்படியே பூச முடியாது. சாலைக்குப் போடும் விஜி-30 ரகத்துக்கு இளகும் வெப்பநிலை குறைந்தபட்சம் 47 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும் என்கிறது ஐஎஸ் 73. மதுரை வெயிலில் கறுப்புக் கூரையின் மேல்தோல் 70 டிகிரிக்கு மேல் போகும். அதைப் பூசினால் வழிந்துவிடும். அதனால் சூடான பிட்டுமனுக்குள் காற்றை ஊதி, ஆக்சிஜனோடு சேர வைத்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். ஐஎஸ் 702-ல் 85/25 என்று ஒரு ரகம் இருக்கிறதே, அதில் 85 என்பது இளகும் வெப்பநிலை. கூரை ஃபெல்ட்டுக்கெல்லாம் இந்த ரகம்தான். இது முதல் 'மேம்பாடு'. இதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்றால், கூரையில் நின்று அதைக் காய்ச்சி ஊற்றும் தொழிலாளி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ஊதிய பிட்டுமனோடு கூரை வேலை செய்பவர்களின் ஆபத்தை, சாலை போடுபவர்களின் ஆபத்தைவிட ஒரு படி மேலே வைத்திருக்கிறது. நம் ஊரில் தார் டின்னுக்குக் கீழே விறகு வைத்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு காய்ச்சுகிறவரிடம் இந்தத் தகவல் போய்ச் சேர்ந்திருக்காது.

இரண்டாவது மேம்பாடு, பிட்டுமனோடு பிளாஸ்டிக்கையோ ரப்பரையோ கலப்பது. ஏபிபி, எஸ்பிஎஸ் என்று கடையில் சுருள் சுருளாக நிற்கும் மெம்ப்ரேன்கள் இவை. வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் இருக்க வைக்கின்றன. மூன்றாவது, மேலே கல்துகளை ஒட்டுவது. சூரியனின் புற ஊதாக் கதிர் பிட்டுமனை உலர்த்தி வெடிக்க வைக்கும். துகள் அதைத் தடுக்கும். அமெரிக்க வீடுகளின் ஷிங்கிள்ஸ் இந்த வகை.

மூன்றையும் ஒருசேரப் பாருங்கள். எல்லாமே கூரைத் தோல் எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கான மேம்பாடு. கூரைக்குக் கீழே இருக்கும் ஆளைப் பற்றி ஒன்றுகூட இல்லை. பிட்டுமன் ஃபெல்ட்டுக்கான ஐஎஸ் 1322-ல் வெப்பம் தாங்கும் சோதனை ஒன்று இருக்கிறது. ஆனால் வெப்பத்தைத் தாங்கவேண்டியது ஃபெல்ட். கீழே கொக்கி வைக்கிற அக்கா தாங்குவாரா என்பதைச் சோதிக்க அதில் இடமில்லை.

பாதி மட்டும் வந்த பொருள்

ஷிங்கிள்ஸ் அமெரிக்காவில் 1900-களின் தொடக்கத்தில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரத்தில் பிறந்தது. ஹென்றி ரெனால்ட்ஸ் என்ற கூரைக்காரர், சுருளாக வந்த தார் ஃபெல்ட்டைக் கல்லுத்துண்டு அளவுக்கு வெட்டி அடித்தார். மரப்பட்டை ஓடுகள் சுலபமாகத் தீப்பிடித்த ஊர்களில் இது உண்மையாகவே ஒரு முன்னேற்றம். 1930-களில் இதே சரக்கைச் சுவருக்கும் கொண்டுவந்தார்கள். செங்கல் மாதிரி கோடு போட்டு, சிவப்புத் துகள் ஒட்டி, மரச்சுவரின்மேல் அடிக்கும் தார்ப்பலகை. தொழிலாளிகளின் வீடுகளுக்கு நிறைய விற்றது. தூரத்திலிருந்து செங்கல் வீடு, கிட்டே போனால் தார் அட்டை.

அங்கே ஷிங்கிள்ஸ் தனியாக நிற்பதில்லை. அதற்குக் கீழே பலகை, பலகைக்குக் கீழே காற்று ஓடும் பரண், பரணில் வெப்பத் தடுப்புப் பஞ்சு, அதற்கும் கீழே உட்கூரை. நான்கைந்து அடுக்கில் மேல்தோல் மட்டும்தான் தார். அந்தத் தோல் பார்க்கும் வேலை ஒன்றே ஒன்று: மழையும் பனியும் உள்ளே வராமல் பார்ப்பது. மற்ற வேலைகளை மற்ற அடுக்குகள் பார்த்துக்கொள்ளும்.

நமக்கு வந்தது தோல் மட்டும். பழைய காகிதக்கூழை நெளிநெளியாக அமுக்கி, உலர்த்தி, சூடான பிட்டுமனில் முக்கி எடுத்தால் தார் ஷீட். பிரான்சின் ஒண்டுலின் நிறுவனம் 1944-ல் தொடங்கியது இந்த வகைச் சரக்கில்தான். ஐரோப்பாவில் பெரும்பாலும் தொழுவம், கொட்டகை, பழைய ஓட்டுக்கூரைக்கு அடியில் போடுவதற்கு. இங்கே சவுக்குக் கம்பின்மேல் அறைந்தால் அதுவே வீடு. பலகை இல்லை, பரண் இல்லை, உட்கூரை இல்லை. சுவரும் அதுவே.

பணக்காரர் பக்கமும் இதே கதைதான், வேறு வேடத்தில். அழகர்கோவில் சாலையில் போனால் பண்ணை வீடுகளில் ஷிங்கிள்ஸ் பார்க்கலாம். அங்கே கான்கிரீட்டைச் சாய்வாக ஊற்றி, அதன்மேல் ஷிங்கிள்ஸை ஒட்டியிருப்பார்கள். நடுவில் காற்று ஓட விரலளவு இடம் கிடையாது. சூட்டைப் பிடித்துவைக்கும் கான்கிரீட்டுக்கு மேலே சூட்டை உறிஞ்சும் தோல். ஆனால் அங்கே ஏசி இருக்கிறது. நமக்குக் கவலை இல்லை. தாண்டிப் போவோம்.

2004-லிருந்து 2005 வரை

தமிழ்நாட்டில் தார் ஷீட் கூரையாகவும் சுவராகவும் பெருமளவில் எழுந்த காலத்தைப் பார்த்தால்தான் இந்த விமர்சனம் முழுமையாகும். அது சுனாமிக்குப் பின்.

அதற்கு முன் நடந்ததையும் வரிசையாக வைக்க வேண்டும். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை எரிந்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் செத்தார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்துக் கீற்றுப் பந்தல் எரிந்து, மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் இறந்தார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளிக்கூடத்தில் கீற்றுக்கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள். அதற்குப்பின் தமிழ்நாட்டில் எந்த அதிகாரியும் 'கீற்று' என்று ஒரு கோப்பில் எழுதத் துணிந்திருப்பாரா? எனக்குத் தோன்றவில்லை.

அப்படிப்பட்ட நேரத்தில் டிசம்பர் 26 வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். வீடிழந்தவர்களுக்கு உடனே தலைக்கு மேல் ஏதாவது வேண்டும். அரசும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வரிசை வரிசையாகத் தற்காலிகக் குடியிருப்புகள் கட்டின. நிறைய இடங்களில் கூரையும் தார் ஷீட், பக்கச் சுவரும் தார் ஷீட். லாரியில் ஏற்றலாம், தலையில் சுமக்கலாம், ஆணி அடிக்க ஆசாரிகூட வேண்டாம், வேகமாக எழுப்பலாம்.

ஜனவரி மாதத்து நாகப்பட்டினத்தில் அது சரியாகத்தான் இருந்திருக்கும். ஏப்ரலில் அப்படி இல்லை. பகலில் உள்ளே இருக்க முடியவில்லை என்ற புகார் எல்லாக் குடியிருப்பிலிருந்தும் வந்தது. பெண்களும் கிழவர்களும் குழந்தைகளும் பகல் முழுக்க வெளியே, எங்கே நிழல் கிடைக்கிறதோ அங்கே. கடைசியில் சில இடங்களில் தார் ஷீட்டுக்கு மேலே தென்னங்கீற்றைப் போட்டார்கள். தீக்குப் பயந்து கீற்றை விட்டு தார் ஷீட்டுக்கு வந்தவர்கள், சூடு தாங்காமல் அந்தத் தார் ஷீட்டின்மேலேயே கீற்றைப் பரப்பினார்கள். காகிதக்கூழும் பிட்டுமனும் சேர்ந்தது எரியாத பொருளா என்ன? 2005-ல் வட சென்னை கார்கில் நகர் தற்காலிகக் குடியிருப்பில் தீப்பிடித்தபோது அந்தக் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது.

ஒரு சில மாதங்களுக்கு என்று கட்டியவற்றில் பல குடும்பங்கள் இரண்டு மூன்று கோடைகளைக் கழித்தன. 'தற்காலிகம்' என்ற சொல்தான் இங்கே எல்லாத் தவறையும் மூடுகிற தார். தற்காலிகம் என்று எழுதிவிட்டால் வெயிலைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

மதுரைக்கே வருவோம். ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று நம்மைச் சுற்றி இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983-க்குப் பின் வரத் தொடங்கியவர்களுக்கான 'தற்காலிக' ஏற்பாடு இது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, மாநிலம் முழுவதும் முகாம்களில் பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தரப்போவதாக அறிவித்தது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரையும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்ல காரியம். ஆனால் தற்காலிகம் என்பது இந்த ஊரில் ஒரு தலைமுறைக்கும் மேல் நீளும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மதுரையிலிருந்தே ஒரு மறுபக்கம்

பிட்டுமனையே குறை சொல்வது என் நோக்கம் இல்லை. அந்தப் பொருளை நம் ஊர்க் கேள்வியோடு அணுகினால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் மதுரையிலேயே இருக்கிறது.

தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ரா. வாசுதேவன், 2000-களின் தொடக்கத்தில் கழிவு பிளாஸ்டிக்கைச் சாலைத் தாரோடு சேர்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் முறையில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. பிளாஸ்டிக்கைத் தாரில் கரைக்கப் போகாமல், சுமார் 160, 170 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியின்மேல் தூவினார். பிளாஸ்டிக் உருகிக் கல்லின்மேல் ஒரு படலமாகப் படியும். அதன்மேல் தார் நன்றாக ஒட்டும். தண்ணீர் நடுவில் புகுந்து தாரையும் கல்லையும் பிரிக்க முடியாது. பெரிய இயந்திரம் வேண்டாம். இருக்கிற கலவை ஆலையிலேயே செய்யலாம்.

இது ஏன் நல்ல மேம்பாடு? அவர் கேட்ட கேள்வி நம் தெருவிலிருந்து வந்தது. இந்தக் குப்பையை என்ன செய்வது, மழை பெய்தால் சாலை ஏன் பெயர்கிறது என்ற இரண்டு கேள்வி. சாலைக்கு யார் உபயோகஸ்தர் என்பதில் சந்தேகமே இல்லை: அதன்மேல் போகிற வண்டி. வண்டி ஏறி இறங்கினால் சாலை தாங்குகிறதா என்று பார்த்தார்கள்.

கூரையில்தான் உபயோகஸ்தர் யார் என்பது மாறிப்போகிறது. ஷீட்டை வாங்குபவர் வீட்டுக்காரர் அல்லது ஒப்பந்ததாரர் அல்லது அரசு. அவர்கள் பார்ப்பது விலை, எடை, ஒழுகல். மூன்றிலும் தார் ஷீட் ஜெயிக்கும். உள்ளே இருப்பவரிடம் யாரும் மாதிரி காட்டிக் கேட்பதில்லை.

அக்கா சொன்ன எதிர்வாதம்

இதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, ஒருநாள் சாயங்காலம் அக்காவிடம், "இந்தத் தார் ஷீட்டுக்குப் பதிலா வேற என்ன போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்க்கா?" என்று கேட்டேன். கீற்று என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"கீத்தெல்லாம் ஆகாது தம்பி. எங்க ஊர்ல கீத்து வீடுதான். வருசாவருசம் மாத்தணும், எலி, பூரான், அதுபோக எந்நேரமும் தீப்பயம். இப்ப கீத்து என்ன விலை விக்கிது தெரியுமா? இது எவ்வளவோ தேவல. ராத்திரி பத்து மணிக்கு மேல வந்து பாருங்க, ஜில்லுனு ஆயிரும். கீழ கான்கிரீட் வீட்டுலதான் விடிய விடிய வேகும். நீங்க தூங்குறீங்களா?"

நான் தூங்குவதில்லை என்பது உண்மை.

அவர் சொன்னது பொறியியல்படியும் சரி. நாலு, ஐந்து அங்குலக் கான்கிரீட் பகலெல்லாம் சூட்டைக் குடித்து, இரவெல்லாம் கக்கும். மூன்று மில்லிமீட்டர் தார் ஷீட்டால் எதையும் சேர்த்துவைக்க முடியாது. வெயில் பட்டதும் கொதிக்கும், வெயில் போனதும் ஆறிவிடும். இன்னும் அதன் பக்கம் சொல்ல இருக்கிறது. ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் மூன்று கிலோ எடைதான். ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட் அதைப்போல நாலு மடங்குக்கும் மேல். காற்றில் பிய்ந்து விழுந்தாலும் தலையைப் பிளக்காது. அறுத்தால் ஆஸ்பெஸ்டாஸ் தூசி பறக்காது. தகரம் போல மழையில் காதைப் பிளக்காது.

ஆகவே 'தார் ஷீட் மோசம்' என்று நான் முதலில் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டேன். சரியான வரி இது: தார் ஷீட் இரவுக்கான கூரை. மாலையில் வேலை முடிந்து வருகிறவருக்கு அது பரவாயில்லாத கூரை. காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை அதற்குக் கீழே இருக்கிறவர்களுக்குத்தான் அது கூரையே இல்லை.

அப்படிப் பகலில் இருப்பது யார்? வேலைக்குப் போக முடியாத கிழவி. கைக்குழந்தை. பிள்ளை பெற்றவள். காய்ச்சலில் கிடப்பவர். அப்பளம் இடுகிற, கொக்கி வைக்கிற, பூக்கட்டுகிற பெண்கள். இவர்களுக்கு வீடுதான் பட்டறை. கூரையைத் தேர்ந்தெடுக்கிறவர், பரிந்துரைக்கிறவர், அனுமதிக்கிறவர் எல்லாரும் பகலில் வெளியே இருப்பவர்கள். நானும்தான். எத்தனையோ ஷீட் ரூமுக்கு எஸ்டிமேட் போட்ட எனக்கு, மதியம் இரண்டரைக்கு ஒன்றுக்குள் நின்று பார்க்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

என்ன கேட்கலாம்

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தால் நிவாரணம் உண்டு. அதே 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய்; 2030-க்குள் 8 லட்சம் வீடு என்பது இலக்கு. கீற்றுக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் அதில் கூடாது. தீயும் தூசியும் கணக்கில் வந்துவிட்டன, சந்தோஷம். வெப்பம் இன்னும் வீட்டுக் கணக்குக்குள் வரவில்லை. ஒரு துறை வெயிலைப் பேரிடர் என்கிறது. இன்னொரு துறை வெறும் கான்கிரீட் தளத்தை வீடு என்கிறது. இரண்டு கோப்பும் ஒரே மேசைக்கு வர வேண்டும்.

நம் பக்கத்துப் பழைய கட்டட வேலையில் இதற்கான அறிவு இல்லாமலில்லை. தளத்துக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து சுர்க்கி போட்டு, மேலே தட்டோடு பதித்தார்கள். அது ஒழுகலுக்கும் வெயிலுக்கும் சேர்த்துச் சொன்ன பதில். மானாமதுரை மண்ணில் சுட்ட ஓடு, ஓட்டுக்கு ஓடு இடுக்கு வழியாகச் சூட்டை வெளியே விட்டது. பழையதெல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. ஓட்டுக்கூரைக்கு மரம் வேண்டும், சுர்க்கிக்குக் கூலி வேண்டும்; லோடுமேன் குடும்பத்தின் வாடகைக்குள் அது வராது. ஆனால் அந்தக் கூரைகள் இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னவை. நாம் மேம்பாடு என்ற பெயரில் ஒரு கேள்வியைக் கழித்துவிட்டோம்.

தார் ஷீட்டையே வைத்துக்கொண்டு செய்யக்கூடியது என்ன? மூன்று காரியம், செலவுக் கணக்கோடு யோசித்தது.

ஒன்று, வெள்ளை. கறுப்புத் தோல்தான் பாதிப் பிரச்சினை. கான்கிரீட்டுக்குச் சுண்ணாம்போடு ஃபெவிகால் கலந்து அடிக்கிற மாதிரி தார் ஷீட்டுக்கு அடித்தால் நிற்காது. முதல் மழையிலேயே உரியும். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வெள்ளைப் பூச்சு ஓரளவு நிற்கும், புழுதி படிந்தால் கழுவ வேண்டும். அகமதாபாத்தில் வெப்பச் செயல்திட்டத்தின் ஒரு பகுதியாகக் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடித்தார்கள். இங்கே மாநகராட்சி சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் செய்யக்கூடிய வேலைதான்.

இரண்டு, இடைவெளி. கூரைக்கு ஒரு சாண் கீழே மூங்கில் தட்டியோ கோரைப்பாயோ இழுத்துக்கட்டி, இரண்டு முனையிலும் காற்றுக்குத் திறப்பு விட்டால், கூரையின் கதிர்வீச்சு நேராகத் தலையில் இறங்காது. பரணின் வேலையை ஒரு பாய் பார்க்கும். அடுப்பு அதே அறையில் இருந்தால் தீயைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

மூன்று, உயரம். ஏழடியில் கூரை வைப்பதை ஒன்பதடிக்கு ஏற்றினால் மூன்று வரிசை ஹாலோ பிளாக்கும், கொஞ்சம் நீளமான கம்பும்தான் கூடுதல். வீட்டுக்காரர்கள் இதைச் செய்யாததற்குக் காரணம் செலவைவிட, யாரும் கேட்காததுதான்.

இனி நான் எஸ்டிமேட்டில் 'மேம்படுத்தப்பட்ட கூரை' என்று எழுதினால், பக்கத்தில் எதற்கு மேம்பட்டது என்று ஒரு வார்த்தை சேர்ப்பதாக இருக்கிறேன்: மழைக்கா, தீக்கா, வெயிலுக்கா. மூன்றில் எது விடுபடுகிறது என்று வாங்குகிறவருக்காவது தெரியட்டும்.

வீட்டுக்காரரிடம் மறுபடி பேசினேன். வெள்ளைப் பூச்சுக்குப் பாதிக் காசு தருகிறேன் என்றார். மீதியை நான் போட்டேன். தட்டியை அக்காவின் வீட்டுக்காரரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டினார். மே மாதம் மதியம் மாடிக்குப் போனபோது அக்காவும் பையனும் வெளியேதான் இருந்தார்கள். மாமியார் மட்டும் உள்ளே படுத்திருந்தார். "அத்தைக்குத் தேவல தம்பி. எனக்கு இங்கதான் காத்து வருது" என்றார் அக்கா. எவ்வளவு மேம்பட்டது என்று என்னிடம் அளவு எதுவும் இல்லை. ஒரு கிழவி மதியம் உள்ளே படுக்கிற அளவுக்கு.